துளைகள்

தாதாசாகேப் பால்கேயைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் ஒரு தனிமனிதனின் கதை. பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் ஒன்றைப் பார்த்தார். 1912-ல் லண்டன் போய் வில்லியம்ஸன் காமிரா வாங்கினார். 1913 மே 3-ல் பம்பாய் காரனேஷனில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியாயிற்று. நானும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அவருக்கு வந்த கச்சா ஃபிலிமில் ஓரத் துளைகள் கிடையாது. துளையிடத் தனிக் கருவி. தாதர் வீட்டில், ராத்திரி வேளையில், இருட்டில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தவர் அவர் மனைவி ஸரஸ்வதிபாய். ஃபிலிம் கழுவும் ரசாயனங்களைக் கலக்கவும் அவர் கற்றுக்கொண்டார். பகலில் வெயிலை நடிகர்கள் மேல் திருப்ப வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து நின்றார். இடையில் அறுபது எழுபது பேருக்குச் சமையல். பெண்கள் நடிக்க வராததால் தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஓட்டல் சமையல்காரர் என்பதை எல்லோரும் சுவைபடச் சொல்கிறோம். வீட்டில் சமைத்தவரைச் சொல்வதில்லை.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிக்கு 16 பிரேம். பிரேமுக்கு ஓரத்துக்கு 4 ஆக 8 துளை. படம் சுமார் 3,700 அடி. நாலு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் வருகிறது. அத்தனையும் அவர் ஒருவர் கையால் என்று சொல்ல வரவில்லை. ஆனால் துளை பிசகினால் திரையில் பிம்பம் குதிக்கும். சரியாக விழுந்தால் துளை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இதற்கு நாம் ‘தியாகம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். தியாகம் என்றதும் வேலை மறைந்துவிடுகிறது, கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் செய்தது டெக்னிக்.

அவருடைய நகைகளும் அடகுக்குப் போயின. வங்கியில் எனக்கு நகைக் கடன் கவுண்டர். மனுவில் ‘கடனின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. விவசாயம், வைத்தியம், படிப்பு என்று எழுதுவார்கள். போன வருஷம் இந்தப் பத்திரிகையின் ஒரு இதழுக்குக் காகிதம் வாங்க என் மனைவியின் இரண்டு வளையல்களை வைத்தேன், வேறொரு கிளையில். சொந்தக் கவுண்டரில் வெட்கம். அந்தக் கட்டத்தில் ‘குடும்பச் செலவு’ என்று எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த இதழில் என் கட்டுரை, படைப்பாளியின் தனிமை பற்றியது.

1917-ல் பால்கே, சினிமா எப்படித் தயாராகிறது என்று காட்ட ஒரு சிறு படம் எடுத்தார். மிஞ்சியிருக்கும் துண்டில் அவரே ஃபிலிமைக் கையில் பிடித்து உற்றுப் பார்க்கிறார். அதன் ஓரத்தில் துளைகள் இருந்தாக வேண்டும். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளையல்கள் இன்னும் மீளவில்லை. இந்த இதழுக்கும் உறை மடித்து உங்கள் விலாசங்களை எழுதப்போவது அவள்தான். பின்னட்டையில் ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்கள் வழக்கம்போல் இருக்கும்.