மல்லிக் பஜாரில் மறுபிறவி

கல்லறைக்குப் பக்கத்திலேயே மறுபிறவியும் நடக்கிறது. கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடம் மல்லிக் பஜார். வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் துயிலும் கல்லறைத் தோட்டம் இங்கேதான். அருகிலுள்ள சந்துகளில், ஆயுள் முடிந்த வண்டிகளின் உறுப்புகள் குவிந்து கிடக்கின்றன: ஹெட்லைட், பெட்ரோல் டாங்க், கியர் பாக்ஸ்.

லேக் மார்க்கெட்டில் குடியிருக்கும் என்னிடம் இருப்பது வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட பழைய 350 சிசி புல்லட். அதன் தாய்வீடான இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. ஆனால் 1955லேயே சென்னைக்கு வந்துவிட்ட வண்டியைத் திருவொற்றியூர் காப்பாற்றியது. எனக்கும் அதே ஊர்தான்.

இங்கே வண்டிக்கு முதல் எதிரி மழை. ஒருமுறை முழங்கால் அளவு தண்ணீரில் என்ஜின் நின்றது. உதைக்கவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளையலாம். வீடுவரை தள்ளிவந்து, பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டரை வடித்து, ஆயிலைப் பார்த்தேன். பால் கலந்த காப்பி நிறம். அதை மாற்றிய பிறகே கிக்கரில் கால் வைத்தேன்.

டேப்பெட்டும் வீட்டு வேலைதான். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது.

பிறகு வந்தது ஆசை. குரூசர் போல நிமிர்ந்து ஓட்ட, மல்லிக் பஜாரில் உயரமான ஹேண்டில்பார் வாங்கி மாட்டினேன். முழுக்கத் திருப்பியதும் என்ஜின் தானாகவே உறுமியது. ஆக்சிலேட்டர் கேபிளின் நீளம் போதவில்லை! சாலைத் திருப்பத்தில் என்ன ஆகியிருக்கும்? கேபிள்களை மாற்றினேன்.

அடுத்து கடைக்காரர் காட்டியது காதைப் பிளக்கும் சைலன்சர். வேண்டாம் என்றேன். பதிவுச் சான்றிதழுக்காக உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. படித்தபின் ஹேண்டில்பாரும் உறுத்தியது. கழற்றிவிட்டேன்.

இப்போது செய்வதெல்லாம் பராமரிப்பு மட்டுமே. அலங்காரத்துக்கு செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை இருக்கிறது. மேலே வானமெங்கும் பட்டம், கீழே பட்டறைகளில் ஸ்பானருக்கும் குங்குமம். சில வாரங்களில் நம் ஆயுத பூஜை. என் புல்லட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு மாலை.