1.9-க்குப் பிறகு 1.10

பீச்சில் நடக்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், போன வாரம் என் செல்போன் ஆப் வெர்ஷன் 1.9. நேத்து அப்டேட் பண்ணினா 1.10-னு காட்டுது. எண் குறைஞ்சில்ல போச்சு?"

அவருக்குப் புள்ளி என்றால் தசமம். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்குத் தசமத்துக்குக் கமா. ஒன்றரையை 1,5 என்றுதான் எழுதினோம். அதனால் அந்தப் புள்ளி என்னைக் குழப்பவில்லை. அது வெறும் பிரிப்புக் குறி. ஒன்பதாம் பத்திக்குப் பிறகு பத்தாம் பத்தி வருவதைப் போல, 1.9-க்குப் பிறகு 1.10.

சில ஆப்களில் 2.4.1 என்று மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் மாறினால் பெரிய மாற்றம், நடு எண் மாறினால் புது வசதி, கடைசி எண் மாறினால் பிழைத் திருத்தம். இது பொது வழக்கம், எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை.

இது நம் கண்ணுக்குத் தெரியும் எண். ஆண்ட்ராய்டில் இதற்குப் பின்னால் 'வெர்ஷன் கோட்' என்று இன்னொன்று உண்டு. புள்ளியில்லாத முழு எண். பிளே ஸ்டோரில் அது 210 கோடி வரை போகலாம். அப்டேட் ஒவ்வொன்றுக்கும் எண் ஏற வேண்டும். ஒருமுறை ஏற்றிய எண்ணை ஸ்டோர் மறுபடி வாங்காது.

டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர் எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. கடிதம் ரத்தானால் எண்ணுக்கு எதிரே 'ரத்து' என்று எழுதுவோம். அந்த எண்ணை வேறு கடிதத்துக்குக் கொடுக்க மாட்டோம். ஒரே எண்ணில் இரண்டு கடிதம் போய்விட்டால், வரும் பதில் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆப்பிலும் அப்படித்தான். எண் தெரிந்தால்தான் எந்தப் பிரதியில் கோளாறு என்று தேட முடியும்.

ஆகவே, நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கும்போது ஆப் தகராறு செய்தால், "வேலை செய்யலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். செட்டிங்ஸில் அந்த ஆப்பைப் பற்றிய பக்கத்தின் அடியில் வெர்ஷன் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.

இன்னொன்று. எண் அடையாளம்தான், அத்தாட்சி அல்ல. கடிதத்துக்கு எண் போட்டால் போதுமா? கையெழுத்து வேண்டாமா? ஆப்புக்கும் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. அது ஒத்துப்போகாத அப்டேட்டைப் போன் ஏற்காது. ஆனால் மோசடிக்காரன் அதே பெயர், அதே படத்தோடு தனி ஆப்பாக அனுப்பினால் அந்தச் சோதனை நம்மைக் காப்பாற்றாது. வெர்ஷன் என்று அவன் எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளலாம். "பென்ஷன் ஆப் புதிய வெர்ஷன்" என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொடாதீர்கள். அப்டேட்டை ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள்.