அம்பை நேராக்கும் இழுப்பு

வில் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது அம்பின் முனையைப் பற்றித்தான். எவ்வளவு கூர், எவ்வளவு ஆழம் இறங்கும், எத்தனை மீட்டர் போகும். இறகைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ உங்களிடம் சொல்ல வேண்டியதெல்லாம் இறகைப் பற்றித்தான்.

இறகு அம்பைத் தள்ளிவிடுவதில்லை கண்ணு. பின்னாலிருந்து இழுக்கிறது. காற்றில் உரசி அம்பின் வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. நாண் விட்டதும் அம்புத்தண்டு வளைந்து நெளிந்துதான் வில்லைத் தாண்டும். முன்னால் முனையின் கனம், பின்னால் இறகின் இழுப்பு, இரண்டும் சேர்ந்து அந்த நெளிவை அடக்கி அம்பை நேர்ப்படுத்துகின்றன. இறகைச் சற்றே சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்றுகொண்டே போகும், இன்னும் நிலையாக நிற்கும். வேகம் குறையக்கூடாது என்று இறகே இல்லாமல் எய்து பாருங்கள். கொஞ்ச தூரத்திலேயே அம்பு குறுக்கே திரும்பி எங்கோ போய் விழும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து விடியற்காலையில் ஓசூர் சிப்காட்டுக்குப் பஸ் ஏறுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். முதல் மாதச் சம்பளம் வந்ததும் தவணையில் பைக். அடுத்த கம்பெனியில் ஆயிரம் ரூபாய் அதிகம் என்றால் பாதி கற்ற தொழிலை விட்டுவிட்டு அங்கே ஓட்டம். வீட்டில் யாராவது ஒரு கேள்வி கேட்டால், என்னை முன்னேற விடாமல் இழுக்கிறார்கள் என்று கோபம். இழுக்கத்தான் செய்கிறார்கள். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுக்கச் சொன்ன என் அம்மா என்னை இழுத்தார். டூல் ரூமில் நான் செய்த ஜிக் என்கிற பிடிசட்டத்தை, சரியாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்த பிறகும் இன்னொரு முறை அளக்கச் சொன்ன மூத்த பிட்டர் என்னை இழுத்தார். அந்த இரண்டு இழுப்பும் இல்லாமல் நான் இந்த வயதுவரை ஒழுங்காக வந்திருக்க மாட்டேன்.

பெற்றோருக்கும் இதிலேயே ஒரு வார்த்தை இருக்கிறது. இறகு பெரிதாகப் பெரிதாக நல்லது என்று கிடையாது. கனமான முனை, மரத்தண்டு என்றால் ஐந்து அங்குல இறகு வேண்டும். இலேசான தண்டுக்கு நான்கு அங்குலமே போதும். தேவைக்கு மேல் கட்டினால் அம்பு இலக்குக்கு முன்பே தரையில் விழுந்துவிடும். எழுபது மீட்டர் எய்கிற ஒலிம்பிக் வீரர்கள் மிகச் சிறிய பிளாஸ்டிக் இதழ்களைத்தான் ஒட்டுகிறார்கள். அவர்கள் வில்லில் அம்பு உட்காரத் தனி அமைப்பு இருப்பதால் பிளாஸ்டிக் போதும். நம் மூங்கில் வில்லில் அம்பு கையை ஒட்டி, வில்லை உரசிக்கொண்டு போகிறது. விறைப்பான பிளாஸ்டிக் அங்கே இடித்து அம்பைத் தட்டிவிடும். இறகு மடங்கிக் கொடுத்து, தாண்டியதும் எழுந்துகொள்ளும்.

சரி, எந்தப் பறவையின் இறகு? கறிக்கடை பிராய்லர் கோழியின் இறகைப் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். அது ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும் பறவை. இறக்கை முற்றியே இருக்காது, வெந்நீரில் முக்கியதில் மிச்ச விறைப்பும் போயிருக்கும். நாட்டுச் சேவல் இறகு சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு அம்புக்கு ஆகும். உலகெங்கும் மரபு வில்லாளிகள் இன்று அதிகம் கட்டுவது முற்றிய வான்கோழியின் இறக்கை இறகைத்தான். நீளம் உண்டு, விறைப்பு உண்டு, வளர்ப்புப் பறவை என்பதால் பாவமும் வழக்கும் இல்லை. கூஸ் வாத்தின் இறகு ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் 1545இல் வில்வித்தைக்கென்றே ஒரு நூல் எழுதி, அதில் வாத்திறகைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். ஐப்பசி மழையும் தளி பக்கத்துப் பனியும் நனைக்கிற நமக்கு அந்தப் புகழ்ச்சியின் அருமை புரியும். நனைந்த வான்கோழி இறகு படுத்துவிடும், அம்பு அலையும்.

மயிலைப் பற்றிக் கேட்பீர்கள். தோகை அழகுதான், ஆனால் இழைகள் பிரிந்து கிடப்பதால் அம்புக்கு உதவாது. மயிலின் இறக்கை இறகைப் பழைய வில்லாளிகள் விரும்பினார்கள் என்பது உண்மை. அதற்காக மயில்மேல் கைவைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெருங்குற்றம். மகாபாரதத்தில் பாறுக்கழுகின் இறகு கட்டிய அம்புகள் வருகின்றன. அந்தப் பாறுக்கழுகுகள் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் நாடு முழுவதும் செத்து விழுந்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது அவை கூடு கட்டிப் பிழைத்திருப்பது மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான். முன்னோர் செய்தார்கள் என்பதற்காக நாமும் செய்துவிட முடியாது. வில் நமக்குப் பெருமைதான். நம் தேன்கனிக்கோட்டைத் தெய்வம் பேட்டராய சுவாமியே வேட்டைக்கோலம் கொண்டவர். இந்த மாவட்டத்து நடுகற்களில் ஆநிரை காக்கப் போய் விழுந்த வீரர்கள் நிற்கிறார்கள். அந்தப் பெருமையை வைக்கோல் இலக்கில் காட்டினால் போதும். அஞ்செட்டிப் பக்கத்துக் காடெல்லாம் இன்று காவிரி சரணாலயங்கள். வில்லோடு அங்கே கால் வைக்கக்கூடாது.

இனி கவனமாகக் கேளுங்கள், இறகு ஒட்டும் ஜிக்கில் அம்புத்தண்டைப் பூட்டுமுன் தெரிய வேண்டியது இது. இறக்கை இறகில் நடுத்தண்டின் ஒரு பக்கம் குறுகல், மறுபக்கம் அகலம். அகலப் பக்கம்தான் நமக்கு வேண்டும். இடது இறக்கையின் இறகு ஒரு பக்கம் வளையும், வலது இறக்கையின் இறகு எதிர்ப்பக்கம் வளையும். ஓர் அம்பில் கட்டும் மூன்றும் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வர வேண்டும். ஒன்று மாறினாலும் இரண்டு சுழலச் சொல்லும், மூன்றாவது தடுக்கும். வலக்கைக்காரனுக்கு எந்த இறக்கை என்று ஆளாளுக்கு வாதாடுவார்கள். என் கணக்கில் எதுவும் ஆகும், கலக்கக்கூடாது, அவ்வளவுதான். அம்பின் அடியில் நாண் உட்காருகிற வெட்டான குதைக்குச் செங்குத்தாக ஓர் இறகு, அது வில்லுக்கு வெளிப்புறம் பார்த்திருக்கட்டும். அதை மட்டும் வேறு நிறத்தில் கட்டினால் இருட்டும் நேரத்திலும் தடுமாற மாட்டீர்கள். மற்ற இரண்டும் சம இடைவெளியில்.

பழகப் பழக இறகு நசுங்கும், கோணும். உடனே பிய்த்தெறிந்துவிட்டுப் புதிது கேட்கிறீர்கள். டீ கொதிக்கிற பாத்திரத்தின் ஆவியில் கொஞ்ச நேரம் காட்டுங்கள், இழைகள் தானாக நிமிரும். நசுங்கியதற்கும் முறிந்ததற்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தேர்வு, ஒரு இன்டர்வியூ போனதும் நம் பிள்ளைகள் தங்களையே முறிந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எண்ண வேண்டாம்.

வில்வீரர் லிம்பா ராம் ராஜஸ்தானத்துப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் செய்த மூங்கில் வில்லில் பழகியவர். மூன்று ஒலிம்பிக்குக்குப் போனார், 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய வில்வித்தைப் போட்டியில் உலக சாதனையைச் சமன் செய்தார். ஜார்க்கண்டின் தீபிகா குமாரியும் மூங்கில் வில்லில் தொடங்கியவர்தான். விலை உயர்ந்த சாமான் இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, ஓசூர் மத்திகிரி வட்டாரத்தில் வான்கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோழியினங்களுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிற ஊர்ப்பக்கம் இது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பறவையை அறுக்கும்போது, வெந்நீரில் முக்குமுன் இறக்கையின் நீள இறகுகளைப் பிடுங்கிவிடுங்கள். இடது தனியாக, வலது தனியாகக் கட்டி நிழலில் உலர்த்தி, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வையுங்கள். நீங்கள் குப்பையில் கொட்டுவதை வில் பழகும் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொள்வார்கள்.