எங்கே நிறுத்துவது

நிலவில் நீர் தேடும் கருவியை வடிவமைக்க உட்காரும்போது நான் முதலில் தொடுவது லென்ஸை அல்ல. எந்த அலைநீளத்தில் தொடங்கி எதில் நிறுத்துவது என்பதைத்தான். எது அகப்படும், எது தப்பும் என்பது அங்கேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

2008-இல் சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசாவின் எம்-3 கருவி 3 மைக்ரானில் நின்றது. நீரும் ஹைட்ராக்சிலும் சூரிய ஒளியை விழுங்கும் பள்ளமோ 2.8-ஐ ஒட்டித் தொடங்கி 3-ஐத் தாண்டியும் நீளும். ஒரு கரையை மட்டும் பார்த்தே 2009-இல் நீரின் தடயத்தை அறிவித்தார்கள். அந்தத் துணிவை இன்றும் வியக்கிறேன். ஆனால் நீரா, ஹைட்ராக்சிலா என்று பிரித்தறிய மறுகரை வேண்டும். போதாக்குறைக்கு, நண்பகலில் 120 டிகிரி செல்சியஸை நெருங்கும் நிலத்தின் சொந்த வெப்ப ஒளி அதே இடத்தில் வந்து பள்ளத்தைத் தூர்த்துவிடும். அதனால்தான் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் சந்திரயான்-2-க்குச் செய்த ஐ.ஐ.ஆர்.எஸ். கருவி 5 மைக்ரான் வரை போனது. அங்கே வெப்பத்தைத் தனியே அளந்து கழிக்கலாம்.

நீட்டுவது சும்மா வராது. 3-க்கு மேல் கருவியின் சொந்தச் சுவர்களே ஒளிரும். டிடெக்டரை ஏறத்தாழ 90 கெல்வினுக்குக் குளிர்விக்க வேண்டும். ஒளியை அலைநீளங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங்கில் இன்னொரு தொல்லை: 3 மைக்ரான் விழும் புள்ளியிலேயே 1.5 மைக்ரானின் இரண்டாம் வரிசை ஒளியும் விழும். ஃபில்டர் பட்டைகளை ஒட்டி அதைத் தடுக்கிறோம். பட்டைகள் சேரும் இடத்தில் தரவு கெடும். அந்த மூட்டு எந்தக் கனிமத்தின் அடையாளத்தின் மேலும் விழாமல் பார்த்துக்கொள்வதில்தான் எங்கள் கைத்திறன் எல்லாம் இருக்கிறது.

ஒளி தோலை மட்டுமே படிக்கும். என் ஊர் ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலை நிறமாலையில் வைத்தால் இரும்பு ஆக்சைடு பேசும். மணிக்குள் இருப்பதோ பெரும்பாலும் குவார்ட்ஸ், சிவப்பு மேல்பூச்சுதான். கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட் நிலவிலும் உண்டு. அதிலிருந்து ஆக்சிஜன் எடுக்கலாம் என்கிறார்கள். கருத்த அந்தத் தாது தன்னோடு கலந்த மற்றவற்றின் அடையாளத்தையும் மங்கடித்துவிடும். இதனால்தான் 2023-இல் நிலவில் ஓடிய பிரக்யான் ஊர்தி லேசரால் மண்ணைச் சுட்டு, எழுந்த பிளாஸ்மாவில் கந்தகத்தைக் கண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

துருவத்தின் நிரந்தர இருள் குழிகளில் சூரிய ஒளியே கிடையாது. கருவி விளக்கையும் சுமக்க வேண்டும், விளக்குக்குப் பேட்டரியும் வேண்டும். அங்கே இறங்க ஒரு கருவி செய்யச் சொன்னால் 3 மைக்ரானை விட்டுவிடுவேன். அந்தப் பள்ளம் அவ்வளவு வலுவானது. மெல்லிய பனிப்படலமே அதை அடிவரை ஆழமாக்கிவிடும், அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. 1.5-லும் 2-லும் பனிக்கட்டியின் பள்ளங்கள் பனி கூடக்கூட ஆழமாகும். டிடெக்டருக்கும் அத்தனை கடுங்குளிர் தேவைப்படாது. வளம் தேடுகிறவர்களுக்கு வேண்டியது அளவு.