ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்து நானோ செகண்ட்

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி கேஸினோ தியேட்டர் பக்கம் நடந்தால் போதும், வழி கேட்கவே வேண்டாம். "சார், சிசிடிவியா? டிஸ்ப்ளே மாத்தணுமா?" என்று நாலு பேர் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போய்விடுவார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் என்று நாம் சொல்வது ஒரே தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் அந்தப் பேரில்தான் பிழைக்கின்றன. அப்பா காலத்தில் ரேடியோ உதிரி பாகம் தேடி வந்தார்கள், இப்போது ராம்.

என்னோடு வந்தவன் எதிர் ஃப்ளாட் தம்பி. பகலில் ஆடிட்டர் ஆபீஸ், ராத்திரியில் கல்யாண வீடியோ எடிட்டிங். தங்கச்சி காலேஜ் ஃபீஸ் அந்த ராத்திரி வருமானத்தில்தான். சீட்டு எடுத்த பணத்தோடு வந்திருந்தான்.

"அண்ணே, நல்லா ஓவர்கிளாக் பண்ணணும். ராம் 7200-க்குக் குறைஞ்சு வேண்டாம்."

2025 கடைசியில் ஏஐ சர்வர்களின் பசியால் ராம் விலை எகிறியதே, அதற்குப் பிறகு இங்கே விலை விசாரிப்பது தி.நகரில் பவுன் விலை விசாரிப்பது மாதிரி. மாடிக்கடைக்காரர் ஒரு பெட்டியைப் பிரித்தார். "லைட்டெல்லாம் எரியும் தம்பி!" தீபாவளிக்கு வாங்கலாம்.

நான் பி.காம். எனக்குக் கணக்கு பார்க்காமல் பணம் கொடுக்க வராது. பெட்டியில் வேகத்தோடு சி.எல். என்று ஓர் எண் இருக்கும்; கேட்டதை எடுத்துக் கொடுக்க ராம் எத்தனை துடிப்பு தாமதிக்கிறது என்பது. அதை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ செகண்ட். 7200-க்கு சி.எல். 36 என்றால் பத்து. 6000-க்கு சி.எல். 30 என்றாலும் பத்து! பழைய டி.டி.ஆர்.4-ல் 3200-க்கு சி.எல். 16... அதுவும் பத்தேதான். சி.எல். 40 போட்ட 6000 மட்டும் பதின்மூன்றைத் தாண்டும். விலை குறைவாக இருக்கும், ஜாக்கிரதை.

தவிர, தம்பி வைத்திருப்பது ரைசன் 7000 வரிசை பிராசஸர். 6000, மிஞ்சினால் 6400 வரைதான் அதன் மெமரி கன்ட்ரோலர் ராமுக்குச் சமமாக ஓடும். அதற்கு மேலே பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். மாப்பிள்ளை பைக்கில், மாமனார் மாட்டுவண்டியில்!

"அப்ப 16 ஜி.பி. நாலு போட்டுக்கவா?" வேண்டவே வேண்டாம். ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்வது இரண்டு குச்சிக்கு 5200, நாலுக்கு 3600. ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்கி, இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் செருகுவதுதான் உத்தமம்.

இந்த ஆசை புதுசா என்ன! 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒன்று வந்தது. பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் பறந்தது. ஆனால் அந்த 100-ஐத் தாங்கும் ராம் இல்லையென்றால் மெஷின் படுத்துவிடும்.

மெஷின் படுத்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். ராம் சத்தமில்லாமல் ஒரு பிட்டை மாற்றி எழுதினால்? தாலி கட்டுகிற காட்சியில் பச்சைக் கட்டம் விழும். இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா?

தம்பி யோசித்தான். 32 ஜி.பி. ஜோடி, 6000, சி.எல். 30 என்று இறங்கி வந்தான். மதர்போர்டு பி650 போதும். (ஏ620-ல் பிராசஸரை ஓவர்கிளாக் பண்ண முடியாது, ஏமாறாதீர்கள்.) மிச்சப் பணத்தை நல்ல பவர் சப்ளையிலும் பெரிய கூலரிலும் போடச் சொன்னேன். சாதாரணக் காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ ரூம் சூட்டுக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோகாது. குளிர்தேசத்தில் யாரோ எடுத்த சாதனையை மே மாத சைதாப்பேட்டையில் எதிர்பார்க்கலாமா?

பில் போடும்போது கடைக்காரர் மறக்காமல் சொன்னார்: "பயாஸ்ல எக்ஸ்போவை ஆன் பண்ணுங்க. இல்லேன்னா 4800-லதான் ஓடும். அப்புறம் நான் டூப்ளிகேட் குடுத்துட்டேன்னு சண்டைக்கு வருவீங்க!"

அன்று ராத்திரி மெம்டெஸ்ட்86 போட்டுவிட்டுத் தூங்கினான். காலையில் காபி டம்ளரோடு வந்து என் கதவைத் தட்டினான்.

"நாலு பாஸ் ஓடிச்சுண்ணே. எரர் சைபர்."

மடிப்பாக்கம் ரிசப்ஷன் ஒன்று பாக்கி இருக்கிறதாம். ஓடிவிட்டான்.