சிவப்பு எழுத்தில் வரும் எரர்



என் அண்ணன் பேத்தி இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்தாள். பிளஸ் டூ வரை தமிழ் வழி. இரண்டாம் மாதமே, "சின்னத் தாத்தா, இந்தப் படிப்பு எனக்கு ஒத்து வராது. பி.ஏ.வுக்கு மாறிக்கிறேன்" என்று வந்து நின்றாள். காரணம் சி மொழி. கல்லூரியில் ஓடிய புரோகிராம் வீட்டில் ஓட மாட்டேன் என்கிறது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் எரர்.

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அவளோடு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் இருப்பது அவள் அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. அதில் உபுண்டு போட்டிருக்கிறார்கள். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்' என்று ஒரே வரி அடித்தால் ஜிசிசி என்னும் கம்பைலரும் கூடவே மேக் முதலிய கருவிகளும் வந்து இறங்குகின்றன. காசு கிடையாது.

கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது டர்போ சி. வேடிக்கை என்னவென்றால், டர்போ சி, ஜிசிசி இரண்டுமே 1987-இல் வெளிவந்தவை. முன்னது டாஸ் காலத்தோடு நின்றுவிட்டது. பின்னது இன்றும் வளர்கிறது. அவள் நோட்டில் முதல் வரியிலேயே இருந்த 'கோனியோ' ஹெடர் டாஸ் காலத்துச் சரக்கு. உபுண்டுவில் அது இல்லை. அந்த வரியையும், அதை நம்பியிருந்த 'கிளியர் ஸ்கிரீன்', 'கெட்ச்' இரண்டையும் எடுத்தோம். ஓடியது! பிள்ளையின் மூளையில் கோளாறில்லை, பாடம்தான் பழசு.

அடுத்து வர்க்கமூலம். கணக்கு ஹெடரைச் சேர்த்திருந்தும் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்றது. ஹெடர் என்பது அறிமுகக் கடிதம் மாதிரி. இப்படி ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். ஆள் இருப்பது வேறு கோப்பில். கம்பைலர் கடிதத்தைப் படித்துத் திருப்திப்பட்டுவிடும். கடைசியில் வரும் லிங்கர்தான் ஆளைத் தேடும். கட்டளையின் முடிவில் கழித்தல் குறியிட்டு 'எல்எம்' சேர்த்ததும் ஆள் கிடைத்தார். இந்த இடத்தில்தான் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

எரரைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து, பிறகுதான் குற்றச்சாட்டு. முதல் எரரை மட்டும் பார். மற்றவை பெரும்பாலும் அது பெற்ற பிள்ளைகள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதற்குப் பதினொரு எரர் வந்தது ஒரு நாள்.

அவளுக்கு வேண்டியது ஆங்கிலம் அல்ல, இருபது சொற்கள். 'எக்ஸ்பெக்டட்' என்றால் இங்கே ஒன்றை எதிர்பார்த்தேன். 'அன்டிக்ளேர்டு' என்றால் இந்தப் பெயரை முன்பே நீ அறிவிக்கவில்லை. ஒரு பழைய நோட்டில் தமிழ்ப் பொருளோடு எழுதி வைத்திருக்கிறாள். பி.ஏ. பேச்சு இப்போது இல்லை.

ஜிடிபி என்ற டீபக்கர் மட்டும் எங்கள் இருவருக்கும் இன்னும் பிடிபடவில்லை. இத்துறையில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிக்கொடுங்கள். மாலை ஐந்துக்கு மேல் கூப்பிடுங்கள், மதியம் தூங்கிவிடுவேன்.