பச்சை எரிந்தால்

திரைக்குப் படம் வரைகிறோம் என்று ஊரில் சொன்னால், சினிமாவுக்குச் சுவரொட்டி தீட்டுகிறவர்கள் என்றே எங்களை எண்ணிக்கொள்கிறார்கள். நாங்கள் வரைவது அவ்வளவு சுவாரசியமான சமாச்சாரமன்று. நீரேற்று நிலையத்தில் எந்த மோட்டார் ஓடுகிறது, எது நின்றிருக்கிறது, தொட்டியில் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அங்குள்ள இயக்குநருக்குக் கணினித் திரையில் காட்டும் படங்கள். (இயக்குநர் என்றாலும் சினிமாதான் நினைவுக்கு வரும், ஆகவே இனி ஆபரேட்டர்.)

வற்றாத ஆறு என்று ஒன்று இல்லாத மாவட்டம் புதுக்கோட்டை. வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டுமே ஆறு. நகரத்துக்குக் காவிரி நீர் திருச்சிப் பக்கமிருந்து குழாய்வழி வந்து சேர்கிறது. கிராமங்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும்தான். மோட்டார் நின்றால் குடங்கள் தெருவுக்கு வந்துவிடும்.

இத்தகைய மென்பொருள்களோடு படநூலகம் ஒன்று வரும். பம்பு, வால்வு, தொட்டி, குழாயின் வளைவு வரை யாரோ வரைந்து வைத்திருப்பார்கள். ஒரு பம்பை எடுத்துத் திரையில் வைத்து, இது இன்ன மோட்டார் என்று பெயர் கொடுத்தால் போதும். நிறம் மாறுவது, பழுதானால் மினுக்குவது, தொட்டால் பொத்தான்கள் விரிவது எல்லாம் கூடவே வந்துவிடும். மார்கழியில் நேரமில்லாதவர்கள் துளையிட்ட தகட்டு அச்சில் மாவைக் கொட்டிக் கோலம் போடுவதைப் போன்றதுதான். புள்ளி வைக்கும் சிரமமில்லை. அச்சில் ஒரு துளை அடைத்திருந்தால், எல்லா வாசலிலும் அதே இடத்தில் கோடு அறுந்திருக்கும்.

எங்கள் அச்சில் அடைத்திருந்த துளை நிறம். அந்த நூலகத்தில் பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நின்றிருக்கிறது. சாலை விளக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது இயல்பாகவே பட்டது. நாங்கள் கேள்வி கேட்கவில்லை. நம் நாட்டு மின்பலகைகளின் வழக்கமோ பெரும்பாலும் நேர் எதிரானது. சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் பாய்கிறது, தொடாதே. பச்சை எரிந்தால் நின்றிருக்கிறது, அருகே போகலாம். (ஓட்டுவதற்கான பொத்தான் பச்சை; அதை அழுத்தினால் எரியும் விளக்கு சிவப்பு. இந்த விசித்திரத்தை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.)

ஒரு நீரேற்று நிலையத்தில் பழைய பலகையைக் கழற்றிவிட்டு எங்கள் திரையை வைத்தார்கள். மூன்று பம்புகள், இரண்டு ஓடும், ஒன்று மாற்றாக நிற்கும். நான்காம் நாள் இரவு, இரண்டாம் பம்பின் கிளாண்டில் நீர் கசிவதாக அறிந்து, அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் திரையைப் பார்த்தார். பச்சை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தார். இரண்டு பம்புகளின் இரைச்சல் நிறைந்த கூடத்தில் எது ஓடுகிறது என்பதைக் காது பிரித்தறிய முடியாது. தோளில் கிடந்த துண்டின் நுனி சுழலும் தண்டில் சிக்கி, முழுத் துண்டையும் உருவிக்கொண்டு போயிற்று. கழுத்தில் சுற்றியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் நாங்கள் போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை. “பச்சை எரிஞ்சா நின்னிருக்குன்னுதானே தம்பி அர்த்தம்?” என்று மட்டும் கேட்டார். “எங்க தப்புதாண்ணே” என்றோம். கையேட்டில் நிறங்களின் பொருள் அச்சிடப்பட்டிருந்ததை எங்களில் எவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை.

திருத்தம் எளிதென்று நினைத்தோம். மூலப்படத்தை ஒரு தரம் மாற்றினால் அதிலிருந்து பிறந்த எல்லாப் படங்களும் மாறும். நூலகத்தின் பெருமையே அதுதானே. ஆனால் அவசரத்துக்கு அளவைக் குறைக்கவும் எழுத்தை நகர்த்தவும் சில இடங்களில் மூலத்தோடு இருந்த தொடர்பை அறுத்துவிட்டு நகலெடுத்து வைத்திருந்தோம். அவை மாறவில்லை. எவை அறுந்தவை என்று குறித்து வைக்கவுமில்லை. அறந்தாங்கிப் பக்கம், திருமயம் பக்கம் என்று வண்டியில் அலைந்து, ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்த்து மாற்றினோம். அதுவரை ஒரே ஆள் இரண்டு ஊர்களில் வேலை பார்த்தால், ஓர் ஊரில் பச்சைக்கு ஒரு பொருள், அடுத்த ஊரில் வேறு பொருள். முதல் தவறைவிட இது மோசமென்றே தோன்றுகிறது.

அலைந்ததில் இன்னொன்றும் அகப்பட்டது. சில நகல்களில் நிறம் மோட்டாரின் நிலையைக் கேட்டு மாறவில்லை. ஓடு என்று நாங்கள் அனுப்பிய ஆணையைக் கேட்டு மாறிக்கொண்டிருந்தது. ஆணை போனால் ஓடிவிட்டதாகவே அர்த்தம்! 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்ததும் இந்த ஜாதிதான். மூடு என்ற ஆணை ஒரு வால்வுக்குப் போயிற்று. பலகையில் விளக்கு அணைந்தது. மூடிவிட்டதாக ஆபரேட்டர்கள் நம்பினார்கள். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. அந்த வழியில் குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறி, உலையின் உட்கரு பாதியளவு உருகியது. அந்த விளக்குக்கு வால்வைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆணையைப் பற்றி மட்டுமே தெரியும்.

எந்த நிறம் என்பதில் எங்களுக்குள் சண்டை நடந்தது. ஆபரேட்டர் திரைகளுக்கென 2015இல் அமெரிக்காவில் ஐ.எஸ்.ஏ. 101 என்ற தரநிலை வந்தது. அதையொட்டி எழுதுகிற பலர், திரை முழுதும் சாம்பலாக இருக்கட்டும், கோளாறுக்கு மட்டும் நிறம் கொடுங்கள் என்கிறார்கள். நியாயம்தான். வரைந்து காட்டினோம். “எழவு வீட்டுப் போட்டோ மாதிரி இருக்கே” என்றார் துண்டைப் பறிகொடுத்தவர். கடைசியில் பலகை வழக்கப்படி சிவப்பையும் பச்சையையும் வைத்து, அடியில் ‘ஓடுகிறது’, ‘நின்றது’ என்று தமிழிலும் எழுதினோம். பழைய மென்பொருள் ஒன்றில் யூனிகோடு எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அங்கே சொல்லையே படமாக வரைந்து நூலகத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

முடிந்தது என்று நினைத்துக் காட்டியபோது அவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஓடுது, சரி. தண்ணி வருதா?” என்றார். கோடையில் கிணற்று மட்டம் இறங்கினால் மோட்டார் வெறுமனே ஓடிச் சுருள் கருகும். அந்நேரத்திலும் எங்கள் படம் ‘ஓடுகிறது’ என்றுதான் சொல்லும். ஓட்டமானி உள்ள இடங்களில், நீர் உண்மையிலேயே பாயும்போது மட்டும் தெரியும் சிறு அம்புக்குறி ஒன்றை மூலப்படத்தில் சேர்த்தோம். மானி இல்லாத கிணறுகளில் அம்புக்குறியின் இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிடுங்கள், திரையின் அழகு கெடுகிறது என்று ஒரு மேற்பார்வையாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இன்னும் எடுக்கவில்லை.